பிள்ளைகள் எத்தனை

இரண்டு என்று சொல்லிவிட்டால் முடிந்துபோகும். முப்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் சொல்லிவருகிறேன், ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவரிடம், ஜனத்தொகை எடுக்க வந்த டீச்சரிடம், ரயிலில் எதிர்சீட்டில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டே விசாரித்த அம்மாளிடம், பொண்ணு ஒண்ணு பையன் ஒண்ணு, மூத்தவ எப்சிபா அமெரிக்காவில நர்ஸா இருக்கா, இளையவன் ஜெபசிங் தூத்துக்குடியில உப்பு கம்பெனியில சூப்பர்வைசர் என்று, ஜெபத்தின் கடைசியில் ஆமென் வருகிற மாதிரி தானாக வந்து விழும். இன்றைக்கு, இந்தப் பனிக்காட்டில், மகளுடைய மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், வராமல் நின்றுவிட்டது. “எம்மா, ஒனக்குப் பிள்ளைய எத்தனை பேருன்னு கேக்காவ” என்று எப்சிதான் தமிழில் சொன்னாள். “நானே சொல்லிருவேன். அவுகளுக்கு ஒன் வாயால கேட்டு எழுதணுமாம். அவரவர் வாயால சொன்னதைத்தான் எழுதுவாவளாம், அதான் மொறையாம்.” சம்பந்தி அம்மா பேனாவின் மூடியைக் கழற்றி, சிரித்த முகமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்லீன் என்று பெயர். என் மகள் தன் மாமியாரை மார்லீன், மார்லீன் என்று வாய் கூசாமல் கூப்பிடுகிறாள், அவர்களும் ஏன் என்கிறார்கள். நான் தண்ணீர் தம்ளரை எடுத்துக் குடித்தேன். ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. அந்த நேரம் பார்த்து அடுப்படியில் ஓவனின் மணி அடித்தது, உள்ளே ஆப்பிள் பை வெந்துகொண்டிருந்தது, சம்பந்தி அம்மா பேனாவை வைத்துவிட்டு ஒரு விரலைக் காட்டி எழுந்துபோனார்கள். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். ஆண்டவரே, ஒரு நிமிஷம் கொடுத்தீர். இதில் நான் என்ன செய்ய.

மேஜை நீளத்துக்கும் விரித்துக் கிடக்கிறது காகிதம், இரண்டு முனையிலும் சுருண்டுவிடாமல் உப்புக் குப்பியையும் ஜாம் குப்பியையும் வைத்திருக்கிறார்கள். மருமகன் நேதனுடைய வம்சம், கடைசியில் மருமகள் வீட்டாரான எங்களுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். விட்கோம் என்பது குடும்பத்துப் பெயர், ஏழு தலைமுறைக்கும் அதே பெயர்தான். மேலே எங்கோ கிழக்கே வெர்மான்ட் என்கிற மலைநாட்டில் கல்லும் மண்ணுமாக உழுது பிழைத்தவர்கள், பிறகு மாட்டு வண்டியில் ஒஹாயோ, அங்கிருந்து இந்த நெப்ராஸ்கா, இந்தச் சோளக்காடு. வரும் ஜூலையில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடுகிறார்களாம், அதற்குள் எழுதி முடித்துச் சுவரில் மாட்ட வேண்டுமாம். சம்பந்தி அம்மாவே ஊர் ஊராகக் காரில் போய், கல்லறைக் கல்லின் மேல் காகிதத்தை ஒட்டி, மெழுகுக் குச்சியால் தேய்த்துப் பெயர்களை எடுத்திருக்கிறார்கள். எழுபத்துமூன்று வயது, முழங்காலில் ஆபரேஷன் ஆனவர்கள், கல்லுக்கு முன்னால் முழங்கால் போட்டிருக்கிறார்கள். காலையில் கோயில் முடிந்து வந்ததிலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டி எப்சியைத் தமிழில் சொல்ல வைத்தார்கள். ஆண்களுக்கெல்லாம் பிறந்த தேதி, கல்யாணத் தேதி, வாங்கின நிலம், எந்தச் சண்டைக்குப் போனார்கள் என்பதுவரை இருக்கிறது. பெண்களில் பாதிப் பேருக்கு மேரி, மேரி என்று மொட்டையாக ஒரு பெயர், அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. “இந்த மேரி யாரு மவளுன்னு பதினோரு வருஷமாத் தேடுதாவளாம்மா” என்றாள் எப்சி. எனக்கு அந்த மேரியைத் தெரிந்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு இடத்தில் சம்பந்தி அம்மா விரலை வைத்து என் மகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்கள். எப்சி குனிந்து வாசித்தாள், சிரித்தாள். “பாத்தியாம்மா, எப்சிபா. இந்தியாவில ஒருத்தி பொறக்கதுக்கு நூத்தி முப்பது வருஷம் முந்தியே இந்த வீட்டுல எனக்கு எடம் போட்டு வச்சிருக்காவ.” எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நானும் குனிந்து எழுத்துக்கூட்டினேன். அதற்குக் கீழேயே இன்னொரு எப்சிபா. அதே எழுத்து. “ஏட்டி, ரெண்டு தடவை எழுதிட்டாவ பாரு, சொல்லு அவுகட்ட” என்றேன். நான்தான் கேட்டேன், என் வாய்தான். எப்சி கேட்டாள், சம்பந்தி அம்மா தலையை ஆட்டி ஏதோ சொன்னார்கள், எப்சியின் முகம் சுருங்கியது. “தப்பில்லையாம்மா. முத பிள்ளை ஒரு வயசுல செத்துப்போச்சாம். அடுத்தாப்புல பொறந்த பொண்ணுக்கு அதே பேரை வச்சுட்டாவளாம். அந்தக் காலத்துல இங்க வழக்கமாம்.” பிறகு அவளாக, விளையாட்டாகத்தான், “எனக்கா இருந்தா ஒடம்பெல்லாம் அரிக்கும். செத்த பிள்ளை சட்டையைப் போட்டுக்கிட்டு அலையுத மாதிரி” என்றாள்.

சட்டை. மூன்று சட்டை தைத்து வைத்திருந்தேன், மஞ்சள் வாயில் துணியில், கழுத்துக்கு வெள்ளை நாடா. கையால்தான் தைத்தேன், தையல் மெஷினுக்கு அக்கம்பக்கத்தில் போய் நிற்கக் கூச்சம். மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தாள், மார்ச் நாலு, செவ்வாய்க்கிழமை, விடியக்காலம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு, எல்லாம் அப்படியே இருக்கிறது, ஜன்னலில் பச்சைத் துணி, நர்சம்மா பெயர் ஏசடியாள், அவள் கையில் டெட்டால் வாசம், பொம்பளப்பிள்ளை என்று சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் தணிந்தது, நான் அதைக் கவனித்தேன், கவனிக்காதது போலக் கையை நீட்டினேன். இரண்டே முக்கால் கிலோ. வலது காதுக்குப் பின்னால் கடுகு மாதிரி ஒரு மச்சம். எங்கள் வீட்டில் முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர்தான், அத்தைக்கு எப்சிபா, அதனால் இவளும் எப்சிபா, ஞானஸ்நானத்துக்குக் குருவானவர் தண்ணீர் தெளித்தபோது அழாமல் வாயை வாயைத் திறந்தாள். நாலு மாதமும் பதினோரு நாளும். ஜூலையில் வயிற்றுப்போக்கு. உப்பும் சீனியும் கலந்த தண்ணீரை ஸ்பூனால் விட்டேன், விட்டேன், உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது, உச்சிக்குழி பள்ளமாகிக்கொண்டே போனது, பஸ் மத்தியானம்தான், அவர் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்கார வைத்து அந்தத் தேரிச் செம்மணல் மேட்டில் மிதித்தார், சக்கரம் மணலில் புதையப் புதைய இறங்கி உருட்டினார், பாதி வழியில் மடி லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. கனம் குறையவில்லை. ஆனால் லேசாகிவிட்டது. அதை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை, அவரிடம்கூடச் சொல்லாமல் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், மிதிக்கிற மனுஷன் மிதிக்கட்டும் என்று. பிறகு இவள் வந்தாள். பெயர் வைக்கிற பேச்சு வந்ததும் அத்தை, “எம் பேரு ஒரு தடவை மண்ணுக்குள்ள போயிட்டு. அப்படியே கெடக்கட்டும்னு விட்டுருவியளா” என்று கண்ணைத் துடைத்தாள். எனக்கு வேண்டாம் என்று இருந்தது. சொல்லவில்லை. மஞ்சள் சட்டை மூன்றும் டிரங்குப் பெட்டியில் ரசகற்பூர உருண்டை வாசத்தோடு இருந்தது, எடுத்து உதறி வெயிலில் போட்டு, இவளுக்குப் போட்டேன். சரியாக இருந்தது.

இப்போது அவள் என் எதிரே உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருக்கிறாள், தோலை அறுபடாமல் ஒரே சுருளாக எடுக்கிறாள், அப்பா செய்வது போலவே. ஐந்தாம் மாதம். ஸ்வெட்டருக்குள் வயிறு இப்போதுதான் தெரிகிறது. “என்னம்மா வெறிச்சுப் பாக்க. கேட்ட கேள்விக்கு விரலை மடக்கி எண்ணணுமா ஒனக்கு” என்கிறாள். “நீ சாப்பிடு” என்கிறேன். இவள் காதுக்குப் பின்னால் மச்சம் கிடையாது. பிறந்த அன்றைக்கே பார்த்தேன், ஈரத்தோடு காதை மடக்கிப் பார்த்தேன், இல்லை என்றதும் நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கே தெரியவில்லை. இவளும் நாலு மாதம் தாண்டினாள், பதினோரு நாள் தாண்டினாள், பன்னிரண்டாம் நாள் விடிந்தபோது நான் எழுந்து முற்றத்தைக் கூட்டினேன். அதோடு போயிருந்தால் பெயர் மட்டும்தான் இரண்டு பேருக்கும் பொது, அது ஒரு பெரிய காரியமில்லை, இந்த வெள்ளைக்காரர்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம். அவர் மிஷன் துவக்கப்பள்ளியில் இரண்டாவது வாத்தியார். ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாகப் பம்பாய்க்கும் மெட்ராசுக்கும் கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம், ஜூன் மாதம் கதவைத் திறந்தால் பெஞ்சு காலியாக இருக்கும். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் இரண்டாவது வாத்தியார் உபரி, எங்கேயோ திருத்தணிப் பக்கம் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்த வருஷம் வீடு வீடாகப் போய்க் கேட்டு, ஆடு மேய்க்கிற பிள்ளையைக்கூட இழுத்துவந்து உட்கார வைத்தும், ஒரு தலை குறைந்தது. ஒரே ஒரு தலை. புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். செவ்வாய்க்கிழமை சாயந்தரம் அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து அடியில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தார், மூத்தவள் பிறந்ததற்குக் கொடுத்த சீட்டு. இளையவள் வீட்டில் பிறந்தவள், அவளுக்குச் சீட்டே இல்லை, பதியணும் பதியணும் என்று சொல்லிக்கொண்டே விட்டுவிட்டோம். மூன்றரை வயது இவளுக்கு. சீட்டுப்படி ஐந்து. நான் அவர் கையைப் பிடித்தேன். “பேரு ஒண்ணுதான அருள்கனி” என்றார். “அப்பன் பேரும் அம்மை பேரும் ஒண்ணுதான. நான் பொய்யா ஒரு எழுத்தும் எழுதலையே. பெறகு திருத்திக்கிடலாம்.” வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்த மனுஷன். ஒருத்தரிடம் கையேந்தாதவர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று இவள் முன் பெஞ்சில் சிலேட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாளாம், பதினொரு மணிக்கு அப்படியே சரிந்து தூங்கிவிட்டாளாம், இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டுத் தலையை எண்ணிக்கொண்டு போனாராம். பிறகு திருத்திக்கிடலாம். அஞ்சாம் வகுப்பில் திருத்தலாம், டி.சி. வாங்கும்போது திருத்தலாம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் மார்ச் நாலு என்று அச்சாகி வந்தபோது அவர் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார், பிறகு லேமினேஷன் போடக் கொண்டுபோனார். அதற்கப்புறம் நர்சிங் காலேஜ், பாஸ்போர்ட், விசா, இங்கே கல்யாணப் பதிவு, எல்லாவற்றிலும் மார்ச் நாலு. வருஷா வருஷம் மார்ச் முதல் ஞாயிறு கோயிலில் பிறந்தநாள்காரர்களை முன்னால் கூப்பிடுவார்கள், இவள் ரிப்பன் கட்டிக்கொண்டு ஓடிப்போய் முழங்காலில் நிற்பாள், குருவானவர் தலையில் கை வைப்பார், நான் பின்வரிசையில் அழுவேன், பாருங்கள் பெற்றவளுக்கு ஆனந்தக் கண்ணீர் என்று பக்கத்தில் இருப்பவர்கள் கையைத் தட்டிக்கொடுப்பார்கள். நான் யாருக்காக அழுதேன் ஆண்டவரே, உமக்குத் தெரியும். ஒரு பிள்ளை முழங்காலில் நிற்கும், நான் இன்னொரு பிள்ளைக்கு வயதை எண்ணுவேன், இன்றைக்கு ஏழு, இன்றைக்குப் பன்னிரண்டு, தாவணி போட்டிருப்பாள், காதுக்குப் பின்னால் மச்சம் பெரிதாகியிருக்குமோ. அவரும் எண்ணியிருப்பார். கேட்டதில்லை. கடைசியாக நெஞ்சுவலி வந்து மூன்று நாள் கிடந்தபோது ஒருமுறை “எப்சி” என்றார், “கூப்பிடட்டுமா, போன் போடட்டுமா” என்றேன், இல்லை என்று தலையை அசைத்தார், எந்த எப்சி என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

வெளியே பனியைத் தள்ளிக்கொண்டு நேதன் டிராக்டரில் போகிறான், வருகிறான், அந்தச் சத்தம் தவிர ஒன்றுமில்லை, அறுத்த சோளத்தட்டை வெள்ளைக்கு மேலே ஆணி ஆணியாக நீட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் வானமும் வெள்ளை, எங்கே நிலம் முடிகிறது என்று தெரியவில்லை. நாலரை மணிக்கே வெளிச்சம் மங்கிப்போகிற ஊர். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி. அதுதான் என்னைத் தின்கிறது, மற்றதெல்லாம் பழகிய வலி. வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்த்துவிட்டுக் காரில் வரும்போது எப்சி சொன்னாள், ரத்தப் பரிசோதனையில் பிள்ளைக்கு மூளை வளர்ச்சி குறைவாக இருக்கலாமோ என்று சந்தேகம் வந்திருக்கிறதாம், நிச்சயமாக இல்லை, சந்தேகம்தான், தாயின் வயது, எடை எல்லாவற்றையும் ரத்தத்தோடு சேர்த்துப் போடுகிற கணக்காம் அது. “முப்பத்தஞ்சு தாண்டுனா அது கூடும்மா. மார்ச்சுல எனக்கு முப்பத்தாறு முடியுதுல்லா. கொஞ்சம்போல கோட்டைத் தாண்டிருச்சாம்.” அதனால் வயிற்றில் நீள ஊசி போட்டு உள்ளே இருக்கிற தண்ணீரை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். ஊசியால் அபூர்வமாகப் பிள்ளை கலைந்தும் போகலாமாம். “ஒண்ணும் ஆகாது, நானே எத்தனை பேருக்குக் கூட நின்னுருக்கேன்” என்றாள், சொல்லிவிட்டு வைப்பரைப் போட்டாள், கண்ணாடியில் பனியும் இல்லை தண்ணீரும் இல்லை. முப்பத்தாறு இல்லையடி. முப்பத்துநாலு. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன், தொண்டையில் அவர் நின்றார், வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் சிவப்பு பேனா. இங்கே சொன்னால் என்ன ஆகும். பொய்ச் சீட்டில் வந்தவள் என்று பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவிடுவார்களா. வேலை போகுமா. பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் நிற்க விடுவார்களா. எனக்கு எட்டாம் வகுப்புதான், இந்த அரசாங்கக் காரியம் ஒன்றும் தெரியாது. அதைக் காட்டிலும் பயம், இவள் என்னைப் பார்க்கப்போகிற பார்வை. உடம்பெல்லாம் அரிக்கும் என்றாளே. வெள்ளி ராத்திரி, சனி ராத்திரி, கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன், ஆண்டவரே, நான் சொல்லாமலே அந்தக் கணக்கைச் சரியாக்கும், உம்மால் ஆகாததா என்று கேட்டேன். அது ஜெபமா. ஒரு தலை குறைகிறது என்று அவர் பெட்டியைத் திறந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம். ஆப்பிள் வாசமும் பட்டை வாசமும் வீடு முழுக்க வருகிறது. அடுப்படியில் தட்டுச் சத்தம். சம்பந்தி அம்மா இப்போது வந்துவிடுவார்கள். இரண்டு என்று சொல்லிவிட்டால் மூத்தவள் இந்தக் காகிதத்திலும் இல்லை. சீட்டு இவளுடையதாகிவிட்டது, தேதி இவளுடையதாகிவிட்டது, பெயரும் சட்டையும் இவளுடையதாகிவிட்டது, கல்லறையில் வைத்த மரச்சிலுவை அடுத்த மழைக்கே சாய்ந்து போயிற்று. என் வாய் ஒன்றுதான் பாக்கி. ரயிலில் கேட்ட அம்மாளிடம் ரெண்டு என்று சொன்ன அதே வாய்.

சம்பந்தி அம்மா மூன்று தட்டில் பையும் மூன்று கோப்பையில் காப்பியும் கொண்டுவந்து வைத்தார்கள். எப்சி எழுந்து உதவப்போனதை வேண்டாம் என்று தோளை அமுக்கி உட்கார வைத்தார்கள், அந்தக் கை நல்ல கை. என் தட்டில் பெரிய துண்டாக இருந்தது. பிறகு பேனாவை எடுத்தார்கள், என்னைப் பார்த்து, “ஆருல்கானி” என்றார்கள், அப்படித்தான் அவர்கள் வாயில் வருகிறது, கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். “சொல்லும்மா, பை ஆறிரும்” என்றாள் எப்சி. நான் முள்கரண்டியைத் தட்டில் நேராக வைத்தேன். அவள் பொறுமை இழந்து, இங்கிலீஷில், டூ என்று அவளே சொல்லிவிட்டாள். சம்பந்தி அம்மா எழுதவில்லை. காகிதத்தில் விரலை வைத்துக் காட்டினார்கள், என் பெயருக்கு நேரே இரண்டு கட்டம் கிடந்தது, ஒன்று இல்லை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஏதோ நீளமாகச் சொன்னார்கள். எப்சி காப்பியை உறிஞ்சிக்கொண்டே தமிழில் சொன்னாள், “நூறு வருஷத்துக்கு மேல முந்தி இங்க ஜனத்தொகை எடுக்கையில பொம்பளையளுட்ட மட்டும் ரெண்டு கேள்வி கேட்டாவளாம்மா. பெத்தது எத்தனை, இப்போ இருக்கது எத்தனை. இவுக அந்த மாதிரியே ரெண்டு கட்டம் போட்டிருக்காவளாம். ஆம்பிளைய எழுதி வச்சதுல விட்டுப்போன பிள்ளையெல்லாம் அதுலதான் அகப்பட்டுச்சாம். ஒனக்கு ரெண்டும் ஒண்ணுதான். பெத்ததும் ரெண்டு, இருக்கதும் ரெண்டு.”

“மூணு” என்றேன்.

“என்னம்மா?”

“பெத்தது மூணு.”

எப்சி கோப்பையை வைத்தாள். நான் மூன்று விரலை நீட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, சம்பந்தி அம்மா விரலைப் பார்த்தார்கள், பிறகு என் முகத்தை, பேனாவைக் காகிதத்தில் படாமல் தூக்கிக்கொண்டு மெதுவாக ஒன்று கேட்டார்கள். எப்சி கோப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டு அதைத் தமிழில் சொன்னாள். “பேரு வச்சிருந்தியளான்னு கேக்காவ.”

“எப்சிபா.”

“எம் பேரு இல்லம்மா. அந்தப் பிள்ளைக்கு.”

“அதுதான் அவ பேரு. மார்ச் நாலும் அவளுதுதான்.” அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை, சைக்கிளையும் மணலையும் விட்டுவிட்டேன், அதை இவளுக்குச் சொல்லி என்ன, ஸ்கூலைச் சொன்னேன், ஒரு தலை குறைந்ததைச் சொன்னேன், சீட்டைச் சொன்னேன், “அப்பாவைத் தப்பா நினைக்காத, பெறகு திருத்திரலாம்னுதான் செஞ்சாவ” என்று சொன்னேன், “ஒனக்கு முப்பத்தாறு இல்ல, முப்பத்துநாலுதான், அந்த ஊசி ஒனக்கு வேண்டியிருக்காது, டாக்டர்ட்டச் சொல்லு” என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டது. எப்சி அழவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளி சொல்வதைக் கேட்கிற முகமாக இருந்தது. “அந்தக் கணக்கு எவ்வளவு மாறும்னு தெரியல” என்றாள். “கேக்கணும்.” பிறகு, “வெள்ளிக்கிழமை கார்ல வச்சே ஒனக்குத் தெரியும்” என்றாள். “தெரிஞ்சுக்கிட்டேதான் நேத்து எனக்குச் சாம்பார் வச்சுக் குடுத்த. தலைக்கு எண்ணெ தேச்சுவிட்ட.” உண்மை. உச்சியில் வைத்து, சூடு பறக்கத் தேய்த்தேன். சம்பந்தி அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பை மேல் வைத்த ஐஸ்கிரீம் உருகித் தட்டில் பரவியது. வெளியே டிராக்டர் நின்றுவிட்டது.

“சரி” என்றாள் எப்சி. வயிற்றின் மேல் கை இருந்தது. “அப்போ நான் என்னைக்குப் பொறந்தேன்?”

எல்லாக் கேள்விக்கும் இரண்டு ராத்திரியாக ஆயத்தம் செய்திருந்தேன், கோபப்பட்டால் இப்படி, அழுதால் இப்படி, அப்பாவைத் திட்டினால் இப்படி என்று. இதை அவள் கேட்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டிசம்பர் என்றேன். எண்பத்தேழு டிசம்பர். வியாழக்கிழமை. “தேதி?” என்றாள். வியாழக்கிழமைதான், நல்ல ஞாபகம் இருக்கிறது, வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போனவர்கள் மழையில் திரும்பி வந்தார்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தின வியாழனா, அதற்கும் முந்தினதா, பத்தா பதினேழா, இருபத்துநாலு இல்லை, இருபத்துநாலாக இருந்தால் கிறிஸ்துமஸ் அன்றைக்கு நான் கட்டிலில் இருந்திருப்பேன், நான் இவளைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசல் வரைக்கும் போன மாதிரி இருக்கிறது, அல்லது அது அடுத்த வருஷமா. பத்து என்று நினைத்தால் பத்து மாதிரி இருக்கிறது, பதினேழு என்று நினைத்தால் பதினேழு மாதிரி. அதற்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினால் மார்ச் நாலுதான் வருகிறது, பச்சைத் துணி, டெட்டால், விடியக்காலம். “கோயில் ரெஜிஸ்தர்ல இருக்கும்டி” என்றேன், “ஞானஸ்நான ரெஜிஸ்தர்ல குருவானவர் எழுதியிருப்பாவ, ஜெபசிங்கை அனுப்பிப் பாக்கச் சொல்லலாம்.”

“ரெஜிஸ்தர்ல இருக்கட்டும். ஒனக்குத் தெரியாதா?”

சம்பந்தி அம்மா அவளிடம் ஏதோ கேட்டார்கள், மெல்ல, தோளைத் தொட்டு. என்ன சொல்கிறாள் உன் அம்மா என்றுதான் இருக்கும். எப்சி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், முன் பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி, கண்ணைக்கூட இமைக்காமல். நான் சொல்ல ஆரம்பித்தேன். அன்றைக்கு நல்ல மழை. ஓடை நிறைந்து பஸ் வரவில்லை. மருத்துவச்சி முட்டளவு தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள், வந்ததும் முதலில் அடுப்பில் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டாள். ஓடு ஒழுகி இரண்டு இடத்தில் சட்டி வைத்திருந்தது. நீ பிறந்ததும் உடனே அழுதாய், மழைச் சத்தத்தில் வெளியே நின்ற அப்பாவுக்குக் கேட்கவில்லை, இன்னொரு தடவை அழவைக்கச் சொல்லிக் கேட்டார்கள். “தேதி சொல்லும்மா” என்றாள். நல்ல மழை எப்சி, என்றேன், மத்தியானத்திலிருந்தே பெய்தது.